முன்னால் போகும் படகு

பாலிங்கா சாராயம் குடிக்கும் சின்னக் குவளையைக் கவிழ்த்து, பொகாச்சா ரொட்டி மாவை வட்டம் வட்டமாக அமுக்கிக்கொண்டிருந்தாள் பிரோஷ்கா. அப்போதுதான் கதவோரம் மாட்டியிருந்த கணவர் தெஷோவின் கோட்டுக்குள் போன் அடித்தது. போனுக்குச் சொந்தக்காரர் நேற்றிலிருந்து ஏரிக்கரை ஊரான அல்மாதியின் கல்லறைத் தோட்டத்துச் சின்னக் கோயிலில், ஒரு செம்பு நிறக் கலசத்துக்குள் சாம்பலாக இருந்தார். இரண்டு மணிக்கு அடக்கம்.

"எடுக்காதே அம்மா" என்றாள் மகள் எனிகோ. அவள் கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அடிக்கிற போனை எடுக்காமல் விடுகிற ஜன்மம் இல்லை பிரோஷ்கா. கணவர் போய் இரண்டு வாரமாகியும் தினமும் ராத்திரி அந்தப் போனை அவள் சார்ஜில் போட்டுவந்தாள். எதற்கு என்று கேட்ட மகளிடம், யாராவது கூப்பிடுவார்கள் என்றாள். இதோ கூப்பிட்டுவிட்டார்கள். மாவுக் கையோடு எடுத்தாள்.

"தெஷோ சார் இருக்காங்களா?" ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"வெளியே போயிருக்கார். நான் வீட்டம்மா."

அதை முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது.

"செப்டம்பர் குரோஷியா பயணம் விஷயமா பேசுறேங்க. பாய்மரப் படகுங்க எல்லாம் கூட்டமா சேர்ந்து தீவு தீவா போற பயணம். ரெண்டு பேருக்கு ஒரு படகு கேட்டிருந்தார். வேற கம்பெனிங்களையும் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்னார். ஒரு கேள்வி கேட்டாரே, அதை மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். இல்லைங்க, எங்க ஆளுங்க காத்திருக்க மாட்டாங்க. நேரம்னா நேரம்தான்."

"யாருக்காக யார் காத்திருக்கணும்?"

அதற்குள் எனிகோ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்கப்பா இறந்துட்டார். இனிமே கூப்பிடாதீங்க" என்று சொல்லி அணைத்துவிட்டாள். போன் முழுக்க மாவு அப்பியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

பிரோஷ்காவுக்கு அழுகை வரவில்லை. ரெண்டு பேருக்கு என்றாளே அந்தப் பெண், அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டாள்.

ஏரிக்கரையில் பிறந்து ஏரிக்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். ஆனாலும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏற விட்டதில்லை. தெஷோ வாலிப வயதிலேயே படகு ஓட்டும் சான்றிதழ் வாங்கியவர். கோடைக் காலத்தில் ஞாயிறு தவறாமல் பாய் விரித்துப் போவார். அவள் கரையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பாள். கடல் என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. ஊருக்கே இது தெரியும், அவருக்குத் தெரியாதா? அப்படியென்றால் அந்த இரண்டாவது ஆள் யார்?

அடுப்புக்குள் தட்டை வைத்துவிட்டு அதையே யோசித்தாள். நாற்பது வருடத்தில் அவர்மேல் அவளுக்குப் பெரிய குறை ஒன்றே ஒன்றுதான். அவர் எப்போதும் முன்னால் போய்விடுவார். கல்யாணமான புதிதில் வெஸ்ப்ரேம் மிருகக்காட்சிச் சாலைக்குப் போனார்கள். அவள் வாசலில் இருந்த கிளிகளைப் பார்த்து முடிப்பதற்குள் அவர் ஒட்டகச்சிவிங்கியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். பஸ்ஸுக்குக் கிளம்பினால் அதே கதைதான். அவர் விறுவிறுவென்று போய், ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு டிரைவரோடு வழக்கடித்துக்கொண்டு நிற்பார். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் அவள் நடந்து வருவதையே பார்ப்பார்கள். அவளுக்கு மானம் போகும். "நாய்க்குட்டியைக்கூட மனுஷங்க பக்கத்துல கூட்டிக்கிட்டுப் போறாங்க" என்று வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொள்வாள். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எதையும் நின்று பார்க்காமல் தாண்ட மாட்டாள். யார் வீட்டுத் திரைச்சீலை மாறியிருக்கிறது, யார் வேலிக்கு எந்த நிறம் அடித்திருக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. பேக்கரிக்குக் கிளம்பினார்கள். முனை வீட்டுக்காரர்கள் தோட்டத்தில் புதிதாக மண்வாத்துப் பொம்மைகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் துணி கட்டியிருந்தார்கள். அவள் நின்றுவிட்டாள். அவர் வழக்கம்போல முன்னால் போய்விட்டார். வாத்துகளைப் பார்த்து முடித்துத் திருப்பம் தாண்டி வந்தபோது, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அவள் வரும் பக்கம் பார்த்து அவர் உட்கார்ந்திருந்தார். கண் திறந்தே இருந்தது. கூடவே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அதை அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து தெருவில் எதையும் நின்று பார்ப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி நடந்தாள்.

பத்து மணிவாக்கில் யோலான் கசகசாப் பலகாரத் தட்டோடு வந்தாள். படகுச் சங்கத்தில் தெஷோவோடு போட்டிபோட்டுப் பாய் விரிக்கிறவள் அவள் ஒருத்திதான். புருஷன் போய் ஆறேழு வருடம் இருக்கும். வெயிலில் பழுத்த நிறம், கணீரென்ற சிரிப்பு. இன்று கண் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைவிட இவள் அதிகம் அழுதிருக்கிறாள் என்று கணக்குப் போட்டாள் பிரோஷ்கா. தட்டை வாங்காமலே கேட்டாள்.

"யோலான், செப்டம்பர்ல நீ எங்க இருப்ப?"

"ஆஸ்பத்திரியில. முட்டி மாத்துறாங்க. ஏன்?"

"கடல்ல இருப்பியோன்னு நினைச்சேன்."

யோலான் தட்டை மேஜையில் வைத்தாள். 

"உன்கிட்ட சொல்லவே இல்லையா அந்த மனுஷன்?"

"சொல்லாததெல்லாம் உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல. நீ சொல்லு."

"என்மேல சந்தேகமா பிரோஷ்கா உனக்கு? என் முட்டியைப் பார்த்துட்டா கேக்குற?" யோலான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்னு கேட்டார். நான் ரெண்டு மூணு தடவை போய்வந்தவளாச்சே. பெரிய கம்பெனி ஒண்ணு இருக்கு, படகெல்லாம் பளபளன்னு இருக்கும், ஆனா ராணுவம் மாதிரி நடத்துவான். இன்னொண்ணு சின்னப் பசங்க நடத்துறது. விடிய விடியப் பாட்டு, கூத்து. உங்களுக்கு ஆகாதுன்னேன். மூணாவதா பார்னான்னு நம்மூர்ப் பையன், குரோஷியாவுல டால்மேஷியா கரையிலேயே குடித்தனம். அவனும் பொண்டாட்டியும் நடத்துறாங்க. படகு பழசு, மனுஷங்க தங்கம். எஞ்சின் எப்படி, கக்கூஸ் அடைச்சா யார் வருவாங்க, கூட்டத்துல எத்தனை படகு, இதெல்லாம் கேளுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எதையும் காதுல போட்டுக்கலை. ஒரே கேள்வியைத்தான் எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருந்தார்."

"என்ன கேள்வி?"

"முன்னாடி ஒரு தலைப்படகு போகும்ல, வழிகாட்டுறது. பின்னாடி ஒரு படகு மெதுவா வந்தா, அது நின்னு காத்திருக்குமா? இதான்."

பிரோஷ்கா எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். பொகாச்சா இன்னும் சிவக்கவில்லை. திரும்பி வந்தாள்.

"ரெண்டாவது ஆள் யாருன்னு நீ கேக்கலையா?"

"கேட்டேன். சிரிச்சார். கம்பெனி முதல்ல முடிவாகட்டும்னார்." யோலான் குரலைத் தாழ்த்தினாள். "நீயா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"எனக்கும் தோணலை" என்றாள் பிரோஷ்கா. 

பார்னாவின் எண் யோலானிடம் இருந்தது. பிரோஷ்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். எனிகோ கறுப்புச் சட்டையைத் தோளில் போட்டபடி வாசல்படியை மறித்து நின்றாள்.

"இன்னைக்கா அம்மா? பாதிரியார் வந்துடுவார். நீ இன்னும் தலைகூட வாரலை."

"இன்னைக்கு விட்டா என்னைக்கு? அவரைக் குழிக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

நடையில் செருப்பு மாட்டிக்கொள்ள உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் யாரோ பலகையில் சுத்தியலால் அடிக்கும் சத்தம்.

"நான் அல்மாதியில இருந்து பேசுறேன். தெஷோ வீட்டம்மா."

"கைக்கு முத்தம், அம்மா." ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்ன குரலிலேயே சிரிப்பு தெரிந்தது. "கடைசியில சொல்லிட்டாரா? நீங்க என்ன சொன்னீங்க, வர்றீங்களா?"

பிரோஷ்கா நிமிர்ந்து பார்த்தாள்.  எதிரே கொக்கியில் அவருடைய கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குது. அவர் ஏன் எனக்கு முன்னாடியே சொல்லலை?"

"பயம்தான், வேற என்ன. நீங்க கேக்கப்போற முதல் கேள்வியே 'அங்கேயும் என்னை விட்டுட்டு முன்னாடி போயிடுவீங்களா'ன்னுதான் இருக்குமாம். அதுக்கு ஒரு பதில் கையில இல்லாம வீட்டுல பேச்சையே எடுக்கமாட்டேன்னார். என் வீட்டுக்காரி எதையும் நின்னு பார்ப்பா, எங்க படகுதான் கடைசியா வரும், உங்க தலைப்படகு காத்திருக்குமான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காத்திருக்காதுன்னேன்."

சுத்தியல் சத்தம் நின்றது. பார்னா யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

"தலைப்படகு முன்னாடி போயாகணும், அம்மா. வழியில நின்னா அப்புறம் துறையில இடம் யார் பிடிக்கிறது? சாயங்காலமானா காத்து ஏறிடும். தெரியாத துறைக்குள்ள படகைப் பின்னுக்குக் கொண்டுவந்து கட்டுறது லேசு இல்லை. கரையில ஒரு ஆள் நின்னு, தூக்கிப் போடுற கயிறைப் பிடிச்சாகணும். அதுக்காகத்தான் நான் முன்னாடி ஓடுறது. நீங்க எந்தத் தீவை வேணும்னாலும் நின்னு பாருங்க, மெதுவா வாங்க. நீங்க வரும்போது கரையில ஆள் இருக்கும். இதைத்தான் சொன்னேன். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.  அப்புறம், 'இதை என் வீட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா எடுபடாது'ன்னார். ஞாயித்துக்கிழமை வீட்டுல பேசிட்டுக் கூப்பிடுறேன்னார்."

"சனிக்கிழமையே போயிட்டார், தம்பி" என்றாள் பிரோஷ்கா. "இன்னைக்குத்தான் அடக்கம்."

அந்தப் பக்கம் தண்ணீர் படகில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. பார்னா ஆறுதல் சொல்ல முயலவில்லை. அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"கரையில நிக்கிறது நீங்கதானா?" என்று கேட்டாள்.

"நான்தான், அம்மா."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"கடைசிப் படகு வர்ற வரைக்கும்."

"இருட்டிட்டா?"

"கையில விளக்கு வச்சிருப்பேன்."

அவள் கோட்டின் விளிம்பை விட்டாள். "இன்னைக்கு எனக்கு வேலை கிடக்கு. அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்தாள். பிறகுதான் அழுகை வந்தது. முக்காலியில் உட்கார்ந்தபடியே, மூக்கு சிவக்கச் சிவக்க அழுதாள். அடுப்பில் பொகாச்சா தீயும் வாசனை வந்தது. எனிகோதான் ஓடிப்போய் எடுத்தாள்.

இரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. கறுப்புச் சீருடைக்காரர் ஒருவர் கலசத்தை இரு கைகளாலும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாட்டசாட்டமான ஆள், நடையில் வேகம். சரளைக் கல் பாதை ஏரியைப் பார்த்துச் சரிந்து இறங்கியது. கொஞ்ச தூரத்திலேயே அவருக்கும் அவளுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விழுந்துவிட்டது. பின்னால் வந்த ஊரும் உறவும் பிரோஷ்காவின் நடைக்கு ஏற்ப மெதுவாக வந்தன.

"மெதுவாப் போகச் சொல்லட்டுமா?" என்று காதோரம் கேட்டாள் எனிகோ. "ரொம்ப முன்னாடி போறார்."

"விடு, போகட்டும்."

மறுபக்கத்தில் யோலான் காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தாள். பிரோஷ்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் முட்டி எப்ப சரியாகும்?"

"அடுத்த வசந்தத்துல ஓடலாம்னு டாக்டர் சொல்றார். ஏன்?"

பிரோஷ்கா கீழே தெரிந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பாதையோரம் ஒரு பழைய கல்லறை இருந்தது. யாரோ அதன்மேல் ஒரு சின்னப் பீங்கான் சேவலை வைத்திருந்தார்கள். கொண்டை ஒரு பக்கம் உடைந்து, மறுபடி ஒட்டியிருந்தது. புதுப் பசை, மஞ்சளாகத் தெரிந்தது. அவள் நின்றாள். எனிகோ நின்றாள், பாதிரியார் நின்றார், பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ இருமினார்கள்.

அவள் நிமிர்ந்து பாதையின் கடைசியைப் பார்த்தாள். சீருடைக்காரர் குழியோரம் போய்ச் சேர்ந்திருந்தார். கலசத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவர்கள் வரும் பக்கம் திரும்பி நின்றார்.

பிரோஷ்கா குனிந்து, சேவலுக்குக் கீழே கல்லில் வெட்டியிருந்த பெயரைக் கடைசி எழுத்துவரை படித்தாள். அப்புறம் நடந்தாள்.