வண்டியைப் பிரித்துப் போட்ட வாரம்

முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று காலையில் காரை எடுத்துக்கொண்டு போன அப்பா, வெயில் சாய்ந்த பிறகும் வீடு திரும்பவில்லை. சலூன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. போனை வழக்கம்போல டிவி மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பெரியவள் வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் சொல்லிவிட்டு ஓடிவந்து, தெருத் தெருவாக அலைந்து, கால் ஓய்ந்து வாசற்படியில் உட்கார்ந்தபோது யாரோ ஒருவர் போனில் கூப்பிட்டார்.

"வண்டிக்குள்ள இந்த நம்பர் ஒட்டியிருந்துச்சும்மா. இங்க ஹைவேல, பெட்ரோல் பங்க்ல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. வண்டி ஒரே புகை. எங்க போகணும்னு கேட்டா சொல்லத் தெரியல."

டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பா பங்க் வாசலில் ஒரு பெஞ்சில், யாரோ கொடுத்த தண்ணீர் பாட்டிலைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடி வெட்டப்படவில்லை. மகளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வண்டி வழி தப்பிடுச்சும்மா," என்றார். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்கிற குரலில்.

அவளுக்கு ஊரும் உறவும் வைத்த பெயர் பெரியவள். தம்பி பிறந்த அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், நாற்பது தாண்டியும் விடவில்லை. தம்பி சின்னவன், வேலைக்காக வெகுதூரத்தில் குடியேறிவிட்டான். அம்மா போன பிறகு அப்பாவும் அவளும்தான் வீட்டில். அப்பா மருந்துக் கம்பெனியில் பிரதிநிதியாக இருந்தவர். ஊர் ஊராகப் போய் டாக்டர்களைப் பார்த்து, புது மருந்தைப் பற்றிச் சொல்லி, சாம்பிள் கொடுத்துவிட்டு வருகிற வேலை. அந்தக் கார் அதற்காக வாங்கியதுதான். நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் மீட்டர் அலுத்துப்போய் நின்றுவிட்டது. "மீட்டருக்கு ஓய்வு வயசு வந்துடுச்சு. ஆனா வண்டிக்கு வரல, எனக்கும் வரல," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு வயது வந்து வெகுநாள் ஆகிவிட்டது என்பது பெரியவளுக்குத் தெரியும். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். அப்பா பவ்யமாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியை ஒளித்துவைத்துப் பார்த்தாள். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டு, "எதையும் தொலைக்காதவன்மா நான்," என்று தரையில் உட்கார்ந்து அழுதார். அவளால் தாங்க முடியவில்லை. தலையணைக்கு அடியில் கிடைத்ததாகச் சொல்லி அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. கேட்டைத் திறந்து பின்பக்கமாக வண்டியை எடுத்தபோது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் மாட்டி அப்பளமாய் நொறுங்கியது. குழந்தை அப்போதுதான் தண்ணீர் குடிக்க உள்ளே ஓடியிருந்தது. அப்பா இறங்கிப் பார்த்தார். "யாரு இதை நடுவழியில போட்டது?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார். பெரியவள் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். குழந்தையின் அம்மா வாங்கிக்கொண்டாள். ஆனால் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பா அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுத்தமாக மறந்துவிட்டார் என்றுதான் பெரியவள் நினைத்தாள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். மறுநாள் மெக்கானிக் அவளுக்குப் போன் செய்தார். அவள் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே அந்தக் காரைப் பார்த்துவருகிற மனிதர். இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"எஞ்சின்ல ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்கு பாப்பா, மாத்திடலாம். ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்லாம ஓட்டியிருக்காரு. நல்லவேளை, எஞ்சின் பிளாக் தப்பிச்சுது. சாரை ஒண்ணும் கவலைப்பட வேணாம்னு சொல்லு. அடுத்த வாரம் எடுத்துட்டுப் போயிடலாம்."

நல்ல செய்தியைக் கேட்டு அவள் பயந்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் தம்பியிடம் போனில் சொன்னாள். "அக்கா, எஞ்சின் போச்சு, இனி தேறாதுன்னு மெக்கானிக்கையே சொல்லச் சொல்லிடேன்," என்றான்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீ சாவியைப் புடுங்கினா அப்பா உன்னை மன்னிக்க மாட்டாரு. வண்டி செத்துப்போச்சுன்னா யார் மேலயும் கோபப்பட முடியாது. அப்புறமா நல்ல ஆளாப் பாத்து வித்துடலாம்."

"அங்க உக்காந்துகிட்டு நல்லா சொல்றடா. முகத்தைப் பாக்கப்போறது நான்தானே."

"தெரியும்க்கா," என்றான் அவன். அவன் குரலும் உடைந்திருந்ததால் அதற்குமேல் அவளுக்குச் சண்டை போட மனம் வரவில்லை.

மெக்கானிக் முதலில் மசியவே இல்லை. கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "வேற ஏதாவது செய்யச் சொல்லு பாப்பா. இந்த வண்டியில எதை மாத்தினாலும் பழசைக் கையில குடுத்துக் காட்டியிருக்கேன். என்னை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டு சாவியைக் குடுக்கற மனுஷன்."

"அதனாலதான் அண்ணே உங்ககிட்ட வந்தேன். நீங்க சொன்னாத்தான் நம்புவாரு." சைக்கிள் நசுங்கிய கதையை அவரிடம் சொன்னாள். குழந்தை தண்ணீர் குடிக்கப் போனதையும் சொன்னாள். மெக்கானிக் துடைப்பதை நிறுத்தினார். "நாளைக்குக் கூட்டிட்டு வா," என்றார்.

மறுநாள் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், நோயாளியைப் பார்க்க வருகிறவரைப்போலக் கலவரமாக வந்து நின்றார். பானெட் திறந்திருந்தது.

"சார், பிளாக் கிராக் விட்டுடுச்சு," என்றார் மெக்கானிக், கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டு. "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"எங்கே? காட்டு."

மெக்கானிக் எஞ்சினுக்கு அடியில் இருட்டான ஒரு மூலையைக் காட்டினார். அப்பா குனிந்து கையைவிட்டுத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பெரியவளால் பார்க்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெல்ட்டுகளை எண்ணுகிறவள்போல நின்றாள்.

"அப்ப எஞ்சின் மாத்தணும்."

"இந்த மாடலுக்கு இப்ப எங்க சார் கிடைக்குது? அப்படியே குடுத்துடலாம். வேற ஏதாவது எஞ்சினைத் தூக்கி வச்சு ஓட்டறவன் எவனாவது வாங்கிப்பான்."

அந்த இடம்வரைக்கும் எல்லாம் அவர்கள் பேசிவைத்தபடியே போனது. அப்பா பானெட் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். அன்றைக்கு அவர் கண் தெளிவாக இருந்தது. பழைய அப்பாவின் கண்.

"வேணாம். உயிர் போனதை இன்னொருத்தன் தலையில கட்டற பழக்கம் எனக்கு இல்ல. பிரிச்சிடு. கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் எல்லாம் நல்லாதானே இருக்கு? யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும். நான் இருக்கும்போதே பிரி. நான் பாக்கறேன்."

மெக்கானிக் திடுக்கிட்டுப் பெரியவளைப் பார்த்தார். ஓடுகிற வண்டி. ஒரு வாரத்தில் சரியாகி, இன்னும் எத்தனையோ வருஷம் ஒரு குடும்பத்தைச் சுமக்கக்கூடிய வண்டி. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிக்கும். சொன்னால் அப்பா நாளைக்கே டிரைவர் சீட்டில் இருப்பார். அவள் வாயைத் திறந்தாள். பக்கத்து வீட்டு வாசல் கண்முன் வந்தது. மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க வண்டியைப் பிரித்தார்கள். அப்பா தினமும் வந்து ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்தார். பெரியவள் கடையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு கூடவே இருந்தாள். கதவுகள் கழன்று சுவரில் சாய்ந்தன. அம்மா உட்கார்ந்து வந்த சீட்டை இருவராகத் தூக்கி வெளியே வைத்தபோது, "பாத்து, பாத்து," என்று அப்பா எழுந்துவிட்டார், ஏதோ அம்மா அதில் இன்னும் உட்கார்ந்திருக்கிற மாதிரி. சீட்டுக்கு அடியிலிருந்து ஹேர்பின், காலி மாத்திரை அட்டைகள், சின்னவன் சின்னப் பையனாக இருந்தபோது தொலைத்துவிட்டு ஊரைக் கூட்டி அழுத ஒரு கோலிக்குண்டு எல்லாம் வந்தன. கோலிக்குண்டைப் பார்த்து மூவரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் அவர்கள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

கடைசியாக எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி மேஜையில் இறக்கினார்கள். மெக்கானிக் அவசரமாக அதன்மேல் சாக்கைப் போட்டு மூடப் போனார். "இருப்பா," என்றார் அப்பா. சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பெரியவள் தன் கையால் அளவெடுத்துப் போட்டுக்கொடுத்த கண்ணாடி. துணியை வாங்கி எஞ்சினை ஒவ்வொரு பக்கமாகத் துடைத்தார். துடைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அப்பா துணியை நாலாக மடித்து மெக்கானிக் கையில் கொடுத்தார்.

"நல்ல எஞ்சின்," என்றார். "தேவைப்படறவனுக்கு வச்சுக் குடு."

மெக்கானிக் துணியோடு ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்குப் பஸ்ஸில் போனார்கள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில், வெளியே பார்த்தபடியே சொன்னார்: "எஞ்சின்ல கிராக் இல்ல. தேடிப் பாத்துட்டேன். கிராக் யாருன்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு."

"அப்பா..."

"நீதானே அவனைச் சொல்லச் சொன்ன?"

"ஆமாம்பா."

கோபம் வரும் என்று காத்திருந்தாள். அவர் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லப்பா. சைக்கிள்தான். புதுசு வாங்கிக் குடுத்துட்டேன்."

"இறங்கிப் பாத்தப்ப சைக்கிள்தான் தெரிஞ்சுது. குழந்தை எங்கேன்னு குனிஞ்சு பாக்க எனக்குத் தைரியம் வரல. திட்டிட்டுப் போயிட்டேன். ராத்திரியெல்லாம் அதான். உன்கிட்ட கேக்கலாம்னு வருவேன், வர்றதுக்குள்ள என்ன கேக்க வந்தேன்னு போயிடும்." கையை விடாமலே, "நல்ல வேலைதான்மா செஞ்ச," என்றார்.

பெரியவள் பஸ் என்றும் பாராமல் அழுதாள். அப்பா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தார். அவர் அவளுக்கு அப்பாவாக இருந்த கடைசி நாள் அதுதான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு காலையில், குளித்து முடித்துப் பையோடு வாசலுக்கு வந்தவர், "வண்டி எங்கம்மா?" என்று கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். "பிரிச்சிட்டோமா? என்னைக் கேக்காமலா?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் சரிந்தார். மறுநாளும் அதே கேள்வி, அதே சரிவு. அவர் ஒவ்வொரு காலையிலும் புதிதாக இழந்தார். மூன்றாம் நாள் அவள், "ஒர்க்‌ஷாப்ல இருக்குப்பா, நாளைக்கு வந்துடும்," என்றாள். "அப்படியா," என்று சமாதானமாகி உள்ளே போனார். அன்றிலிருந்து வாசலில் நின்று பொய் சொல்லிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். பொறுக்க முடியாமல் அவளே கேட்டாள்: "என்னப்பா, வண்டி எங்கேன்னு கேக்கலையா?"

"எந்த வண்டி?" என்றார் அப்பா, மரியாதையாக.

மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழப்பையோடு வந்தார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னால தூங்க முடியல பாப்பா. சார்கிட்ட நேர்ல மன்னிப்புக் கேட்டுடணும்," என்றார். உள்ளே நுழைந்ததும் அப்பா சட்டென்று எழுந்து பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"வணக்கம் டாக்டர். ரெண்டே நிமிஷம் குடுத்தீங்கன்னா போதும். புது மருந்து வந்திருக்கு."

மெக்கானிக் தவித்துப்போய்ப் பெரியவளைப் பார்த்தார். அவள் நாற்காலியைக் காட்டினாள். அவர் பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பா ஆரம்பித்தார். மருந்தின் பெயர், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, யாருக்குக் கொடுக்கக் கூடாது. பெயரெல்லாம் மாறி மாறி வந்தன, சொன்னதையே திரும்பச் சொன்னார். குரல் மட்டும் கணீரென்று இருந்தது. மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்த அப்பா பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தார்.

"நல்ல மருந்து சார்," என்றார் மெக்கானிக். "இனிமே எல்லாருக்கும் இதையே எழுதறேன்."