வேடியப்பன் சொல்லப் போவது

எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் எதிரியின் பதுங்குகுழிக்குள் கச்சிராயபாளையம் வீரமுத்து தன்னந்தனியாகக் குதித்த கதை ஊருக்கே தெரியும். குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றியதும் அவரைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். அவர் பட்டாளத்திலிருந்து திரும்பிய புதிதில் அந்தக் குழிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். பிறகு ஐந்து பேரானார்கள். கரும்பு நன்றாக விளைந்த ஒரு வருஷம் பதினொன்று. போன ஜனவரியில் பதினெட்டுப் பேரைக் கைதூக்க வைத்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார். அவர் மனைவி தைலம்மாள் மட்டும் வீட்டுக்கு வந்ததும், "அது குழியா, கல்யாண மண்டபமா?" என்று கேட்டாள்.

2011-ல் சென்னையிலிருந்து ஆண்டாள் என்று ஒரு பெண் போன் செய்தாள். அந்தப் போர் முடிந்து நாற்பது வருஷம் ஆகிறது, சண்டைக்குப் போய் வந்தவர்களை வைத்து ஆவணப்படம் எடுக்கிறேன், உங்களிடமும் பேச வேண்டும் என்றாள். வீரமுத்து அன்றைக்கே மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டார். பதக்கங்களைப் பல்பொடி போட்டுத் தேய்த்தார். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டதால், படம் எடுக்க வந்த காலையில் அவருடைய மோட்டார் கொட்டகையைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள்.

ஆண்டாளுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். அவளோடு கேமராமேன் கந்தசாமி வந்திருந்தார். பெருத்த உடம்பு, குறைந்த பேச்சு. அவர் கேமராவை நிறுத்தியதும் வீரமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு பதினெட்டுப் பேரையும் ஒருவர் விடாமல் பிடித்து முடித்தார். ஊரார் கை தட்டினார்கள். ஆண்டாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க ஜெயிச்ச பக்கம் ஐயா. ஜெயிச்சுட்டு வந்தவங்களத்தான் நான் தேடித் தேடிப் பாத்துக்கிட்டிருக்கேன். அங்க செஞ்சதுல, அது சரிதானான்னு இன்னைக்கும் மனசுக்குள்ள ஓடுற விஷயம் ஏதாச்சும் இருக்கா?"

கூட்டம் அவரைப் பார்த்தது. வீரமுத்து மீசையைத் தடவினார்.

"ஜெயிச்சவனுக்கு இன்னாம்மா சந்தேகம்? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

சரி என்று அவள் எழுந்துகொண்டாள். கந்தசாமி ஒயர்களைச் சுருட்டினார். தைலம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுக்கும்போது ஆண்டாள் பேச்சோடு பேச்சாக, "இங்கேர்ந்து நேரா வெள்ளிமலைக்குப் போறோம். வேடியப்பன்னு ஒருத்தர். உங்க கூடவே இருந்தாராமே? போன்லயே சொல்லிட்டாரு. 'மனசுல ஒண்ணு கெடக்குதும்மா, நேர்ல வா, சொல்றேன்'னாரு" என்றாள்.

வீரமுத்துவின் காப்பி வேட்டியில் கொட்டியது.

"அந்த வூடு உங்களுக்குத் தெரியாது. நான் வந்து வழி காட்டுறன்" என்றார்.

"நீங்க இன்னிக்கு வரைக்கும் அந்த வூட்டுக்குப் போனதே இல்லியே" என்றாள் தைலம்மாள். அதற்குள் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியது. வீரமுத்து வாயை மூடவில்லை. "வேடியப்பன் நல்லவன்தான். ஆனா அவனுக்கு அங்க மலேரியா வந்துதும்மா. ஞாபகம் கம்மி. இவன் பண்ணத அவன் பண்ணான்னுவான். அவன் சொல்றத அப்டியே எடுத்துக்கினு படத்துல போட்ராதீங்க."

"நீங்க பதினெட்டுப் பேரப் பிடிச்சத அவரும் பாத்தாரா?" என்று ஆண்டாள் கேட்டாள்.

வீரமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல் கொண்டை ஊசி வளைவில், "பதினெட்டுன்னு சரியா எண்ணலம்மா, ஒரு பத்து பேர் இருக்கும்" என்றார். அடுத்த வளைவில் அது ஆறானது. கந்தசாமி முன்சீட்டில் குலுங்கிச் சிரிப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. மேலே போய்ச் சேருவதற்குள் ஒரே ஒரு ஆள் மிஞ்சினான். அவனுக்கும் காலில் அடிபட்டிருந்தது.

வீரமுத்து பயந்தது அந்தக் குழிக்காக அல்ல. வேறொன்றுக்கு.

வீரமுத்து, வேடியப்பன், ரிஷிவந்தியம் பிச்சைமுத்து மூன்று பேரும் ஒரே நாளில் சின்னசேலம் ஸ்டேஷனில் ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போனவர்கள். கிழக்கு வங்காளத்துக்கும் ஒன்றாகவே போனார்கள். சண்டை முடிய இரண்டே நாள் இருந்தபோது பிச்சைமுத்து கண்ணிவெடியில் கால் வைத்துவிட்டான். எதிரிப்படை சரணடைந்த மறுநாள், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கைதிகளைக் காவல் காக்க வீரமுத்துவைப் போட்டார்கள். காதில் கட்டுப் போட்ட ஒரு கைதி, இருபது வயதுகூட இருக்காது, "பானி, பானி" என்று கேட்டான். வீரமுத்து இடுப்பிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினார். அந்தப் பையன் இரண்டு கையையும் ஏந்தினான். கைக்கு வரும் நேரத்தில் பாட்டிலைத் தரையில் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டுச் சிரித்தார். பையன் அவரைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊறிய மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரித்துக்கொண்டே திரும்பியபோது, கொஞ்ச தூரத்தில் வேடியப்பன் துப்பாக்கியோடு நின்றிருந்தான். அவன் பார்த்துவிட்டான் என்று வீரமுத்துவுக்கு அந்த நிமிஷமே தோன்றியது. அதற்குப் பிறகு வேடியப்பன் அவரோடு சரியாகப் பேசவும் இல்லை. லீவில் வந்தபோது பிச்சைமுத்துவின் தாயாரைப் பார்க்க ரிஷிவந்தியத்துக்கு வீரமுத்து தனியாகத்தான் போனார். எவ்வளவு கூப்பிட்டும் வேடியப்பன் வரவில்லை. பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் நாற்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

வேடியப்பன் வீட்டு வாசலில் மரவள்ளிக்கிழங்கு குவிந்து கிடந்தது. அதன் நடுவே உட்கார்ந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த மெலிந்த மனிதர், வண்டியிலிருந்து இறங்கிய ஆண்டாளைப் பார்த்துச் சிரித்தபடி எழுந்தார். அவளுக்குப் பின்னால் வீரமுத்து இறங்கியதும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இவன் எதுக்கு வந்தான்?" என்றார். "இவன் இருந்தா நான் பேச மாட்டம்மா."

வீரமுத்துவுக்கு உயிர் வந்தது. "பேச வேணாம்னா வுட்ருங்க. வயசானவன். நாம கெளம்பலாம்" என்று வண்டிக்குத் திரும்பினார்.

வேடியப்பனின் மனைவி குஞ்சம்மாள் தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தாள். "இன்னா இது, பொண்ணு புடிக்கலன்னு போற மாப்ள வூட்டுக்காரங்களாட்டம்? ஏறி வந்தவங்க ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று செம்பை வீரமுத்துவிடம் நீட்டினாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "நேத்துலேர்ந்து சொல்றன் சொல்றன்னு வூட்டுக்கும் வாசலுக்கும் நடந்துக்கினு இருந்த. இப்ப இன்னா வந்துது உனக்கு? சொல்லித் தொலையேன்" என்றாள்.

வேடியப்பன் கொஞ்ச நேரம் கிழங்கு ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "சரி, அவனும் கேட்டுக்கட்டும். எத்தினி நாளைக்குத்தான் இவனப் பாத்துப் பாத்து ஒளியறது" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். கந்தசாமி கேமராவை ஓட விட்டார். வீரமுத்து செம்பைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். இனி எதையும் தடுக்க முடியாது.

"பள்ளிக்கூடத்துல கைதிங்கள வச்சிருந்தாங்க" என்று வேடியப்பன் ஆரம்பித்தார். "சாயங்காலம் என் காவல். காதுல கட்டுப் போட்ட ஒரு சின்னப் பையன். பகலெல்லாம் தண்ணி கேட்டிருக்கான் போல, ஒருத்தரும் குடுக்கல. உதடு வெடிச்சிக் கெடந்துது. பிச்சமுத்து செத்து மூணு நாள்கூட ஆவல. அவன எரிச்ச எடத்துல இன்னும் சூடு ஆறியிருக்காது. நான் இன்னா பண்ணேன்? யாரும் பாக்காதப்ப என் பாட்டில எடுத்து அவங்கிட்ட குடுத்துட்டன். என் பங்கு பிஸ்கோத்தும் குடுத்தன். பூராத் தண்ணியும் குடிச்சிட்டு, மூடிய நல்லாத் திருவி, ரெண்டு கையால எங்கிட்ட திருப்பிக் குடுத்தான்."

அவர் வீரமுத்துவைப் பார்க்காமல் கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினார். "எங்க சிநேகிதனக் கொன்னவங்களுக்குத் தண்ணி குடுத்தன்னா இவன் மொகத்துல எப்டி முழிப்பன்? பிச்சமுத்து அம்மா மொகத்துல எப்டி முழிப்பன்? அதான் ரிஷிவந்தியம் போவல. செத்தவனுக்குத் துரோகம் பண்ணிட்டனா, இல்ல நல்லதுதான் செஞ்சனா, இன்னி வரைக்கும் எனக்குத் தெரியலம்மா."

வீரமுத்து செம்பைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"குடிச்சானா?" என்றார்.

"குடிச்சான்டா. மன்னிச்சிக்க."

"எவ்ளோ குடிச்சான்?"

"அதான் சொன்னனே, பாட்டில் பூரா."

"காதுல கட்டுப் போட்டவந்தான? நல்லாத் தெரியுமா?"

"இன்னாடா பட்டாளத்து விசாரணையாட்டம் கேக்குற? அவனேதான்! எடது காது!"

வீரமுத்து கிழங்குக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, வாய் சிரித்தது. வேடியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ அடிப்பன்னு இல்ல நான் நெனச்சன்" என்றார்.

அப்போதுதான் வீரமுத்துவுக்கு உறைத்தது. இவன் பார்க்கவே இல்லை. அந்தத் தண்ணீரைத் தரையில் கொட்டியது யார் என்று இவனுக்குத் தெரியாது. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எழுந்து வேடியப்பனைக் கட்டிப் பிடித்து, நீ செய்தது சரிதான்டா என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு, வந்த வண்டியிலேயே மலை இறங்கிவிடலாம். படத்தில் அது நன்றாகவும் இருக்கும்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சாயம் துண்டில் கறுப்பாக ஒட்டியது.

"கந்தசாமி, கேமராவ இப்டி திருப்புப்பா" என்றார்.

சொன்னார். மூடியைத் திறந்தது, நீட்டியது, கவிழ்த்தது, சிரித்தது எல்லாவற்றையும். "சண்டையில சுட்டதெல்லாம் எனக்குக் கனவுல வர்றதில்லம்மா. அவனும் சுட்டான், நானும் சுட்டன். இது அப்டி இல்ல. கொட்டுனதுகூட கோவம்னு வச்சிக்கலாம். சிரிச்சன் பாருங்க, அதுதான். இவன் குடுத்தான்னு கேட்டதும் நெஞ்சு லேசாச்சு. ஆனா இவன் குடுத்தது இவன் கணக்கு. நான் கொட்டுனது கொட்டுனதுதான்."

சொல்லி முடித்து நிமிர்ந்தார். கந்தசாமி காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சங்கடமாக ஆண்டாளைப் பார்த்தார்.

"மேடம், சேவல் கத்திருச்சு. அந்தச் சிரிச்சேன்ங்கிற எடத்துல. ஒண்ணுமே கேக்கல."

கூரை மேல் வேடியப்பனின் சேவல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ஆண்டாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயா, இன்னொரு தடவ சொல்லச் சொன்னா..."

"இன்னொரு வாட்டியா? மொத வாட்டி சொல்லவே நாப்பது வருஷம் ஆச்சு தாயே!"

முதலில் குஞ்சம்மாள்தான் சிரித்தாள். வேடியப்பன் சேவலைப் பிடிக்கக் கூரையில் ஏறப் போனார். வீரமுத்து அவர் காலைத் தாங்கிப் பிடித்தார். சேவல் பறந்து பலாமரத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பட்டாளத்துக்காரர்களும் அதை இரண்டு பக்கமும் வளைத்து, கூடை போட்டுக் கவிழ்த்துப் பிடிக்க அரைமணி நேரமானது. மூச்சு வாங்கியபடி திரும்பி வரும்போது வேடியப்பன் சொன்னார்:

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா உன்ன ரெண்டு அற விட்டிருப்பன்டா."

"இப்ப வுடு."

"இப்ப தோள்பட்ட தூக்க முடியல."

வீரமுத்து மறுபடி உட்கார்ந்து சொன்னார். இந்தத் தடவை வேடியப்பன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வார்த்தை தடுமாறவில்லை. சாப்பிடும்போது பேச்சு பெருகியது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வேடியப்பனைக் கண்டு ஒருமுறை கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒளிந்ததை வீரமுத்து சொன்னார். "தெரியும். உனக்கு பயந்து நான் எதிர்த்தாப்ல கட்டணக் கழிப்பறைக்குள்ள பூந்துக்கினன். நீ போற வரைக்கும் அரை மணி நேரம் உள்ளயே நின்னன்" என்றார் வேடியப்பன். குஞ்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலை வேடியப்பன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பலாப்பழத்தோடு, ஆண்டாளின் வண்டியில் ஏறினார். முந்தின நாள் கடைசிப் பேருந்தில் வீடு திரும்பியிருந்த வீரமுத்துவையும் வழியில் ஏற்றிக்கொண்டு ரிஷிவந்தியம் போனார்கள். பிச்சைமுத்துவின் தாயார் போய்ப் பல வருஷமாகிறது. தங்கை பாப்பாத்தி இருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. வேடியப்பன் யாரென்று சொன்னதும், "இவரு இப்பதான் வர்றாரா?" என்று வீரமுத்துவிடம் கேட்டாள். பிறகு பாயை விரித்தாள்.

கந்தசாமி கேமராப் பையைத் திறக்கப் போனார். ஆண்டாள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பலாப்பழத்தை அறுக்க எண்ணெய் கேட்டு உள்ளே போனாள்.

"எங்க அண்ணன் அங்க எப்டி இருந்துச்சு? அது பட்டாளத்துக்குப் போவும்போது எனக்கு ஒம்போது வயசு. இவரு வந்தப்பலாம் வீரன், தீரன்னுதான் சொல்லுவாரு" என்றாள் பாப்பாத்தி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சமையக்கட்டுல வெல்லம் திருடுவான்" என்றார் வேடியப்பன்.

"மாட்டிக்கினா என் பேரச் சொல்லிடுவான்" என்றார் வீரமுத்து. "ரெண்டு வாட்டி எனக்குத்தான் தண்டன. துப்பாக்கிய தலைக்கு மேல தூக்கிக்கினு மைதானத்தச் சுத்தி ஓடினன்."

பாப்பாத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் சொல்லுங்க" என்றாள்.