மழை வந்தால் அடக்கம்

ஆர்லோ பிரெக்கி செத்ததுகூட ஊருக்குத் தொந்தரவில்லாமல்தான். மூன்று வாரமாக விடாத மழை. மே மாதம் பிறந்தும் எல்ம் ஃபோர்க் ஊரைச் சுற்றி ஒரு மணி மக்காச்சோளம் மண்ணுக்குள் போகவில்லை, டிராக்டர்கள் எல்லாம் கொட்டகையில் முடங்கிக் கிடந்தன. அவருடைய டிராக்டர் கடைக்கு ஒரு போன்கூட வராத திங்கட்கிழமை மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். "வயல் வேலை நாள்ல சாகக்கூட மனுஷனுக்கு மனசு வரல பாரு" என்று சொல்லிச் சொல்லி ஊரே மூக்கைச் சிந்தியது.

வண்டியை விற்றோமா, பணத்தை வாங்கினோமா, ஆளை மறந்தோமா என்று இருக்கிற வியாபாரி இல்லை அவர். விதைப்பிலும் அறுவடையிலும் எவன் வயலில் எது உடைந்தாலும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நல்ல மனிதர்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அப்படி உட்கார்ந்திருந்தவள் ஒரே மகள் காரின். சிகாகோவில் பல் வைத்தியர். பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறி, பட்டமளிப்பு மேடையில் பேசினாளே, அன்றைக்கு அப்பாவின் நாற்காலி காலி. மே மாதம் அல்லவா? டெல்மர் ஸ்கூக் என்ற விவசாயியின் விதைப்பு இயந்திரம் நின்றுவிட்டதாம். பட்டது போதுமென்று, கல்யாணத்தை வயல் வேலையே இல்லாத ஜனவரியில் வைத்துக்கொண்டாள். கொட்டும் பனியில் விருந்தாளிகள் பல் கிடுகிடுக்க நின்றார்கள். அப்பா மட்டும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தார்.

அடக்கம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவாயிற்று. அவர் செத்த மறுநாளே மழை நின்றது. வெயிலும் காற்றும் போட்டி போட்டுக்கொண்டு மண்ணை உலர்த்தின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதிரியார் ஹோல்ம் வீட்டுக்கு வந்தார். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து குவித்த கோழிக்கறி நூடுல்ஸ் பாத்திரங்களுக்கு நடுவே காப்பிக் கோப்பையை வைக்க இடம் தேடினார். தொண்டையைக் கனைத்தார்.

"நாளைக்கு வயல்ல இறங்கலாம்னு எல்லாரும் சொல்றாங்கம்மா."

"இறங்கட்டுமே. பத்து மணிக்குச் சர்ச்சுக்கு வந்துட்டு அப்புறம் இறங்கட்டும்" என்றாள் காரின்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்ப மழைங்கறாங்க. கையில இருக்கறது ரெண்டே நாள். அதான், அடக்கத்தைக் கொஞ்சம் தள்ளி..."

"எங்கப்பாவுக்காக ஒரு அரை நாள் இவங்களால வண்டியை நிறுத்த முடியாதா?"

"நிறுத்துவாங்கம்மா. ஒருத்தர் பாக்கியில்லாம வருவாங்க. உடம்பு பெஞ்சுல இருக்கும், கண்ணு ஜன்னல்ல இருக்கும். அவ்வளவுதான்."

"இருக்கட்டும். வாழ்நாள் பூரா அவரை இவங்களுக்குத் தாரை வார்த்தாச்சு. இந்த ஒரு நாளாவது அவர் எங்களுக்கு வேணும்."

அம்மா வெர்னா திரும்பாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் அம்மா, "கடைச் சுவர்ல அப்பா போட்டோ இருக்கு, சவப்பெட்டி பக்கத்துல வைக்கணும். எடுத்துட்டு வாடி" என்று அனுப்பினாள். கறுப்பு உடுப்போடு காரின் கடையைத் திறந்தபோது போன் அடித்தது. பழக்க தோஷம், பள்ளிக்கூட விடுமுறைகளில் கடையில் உட்கார்ந்து சொன்னது மாதிரியே எடுத்தவுடன், "பிரெக்கி டிராக்டர்ஸ்" என்றாள்.

மறுமுனையில் ஓர் ஆண்குரல் தடுமாறியது. "ஐயையோ, காரினா? டெல்மர் பேசறேன். கை தன்பாட்டுக்கு நம்பரை அழுத்திடுச்சும்மா. ஒண்ணுமில்ல, சர்ச்சுல பாப்போம்."

"என்ன உடைஞ்சுது?"

"ஒண்ணுமில்லைங்கறேனே."

"டெல்மர், என்ன உடைஞ்சுது?"

"விதைப்பு மெஷின் செயினு. பத்து மணிக்குள்ள நாலு சால் ஓட்டிடலாம்னு பாத்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

முப்பது வருடமாக அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும். இருந்தும் போனை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய், செயினைத் தேடி எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வயல் ஓரத்தில் டெல்மர் நின்றிருந்தார். எழுபது வயது. கிரீஸ் படிந்த மேலங்கிக்குள்ளே வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு டை. நேராகச் சர்ச்சுக்கு வருவதற்காக அடக்க உடுப்பைப் போட்டுக்கொண்டே விதைக்க இறங்கியிருக்கிறார். அந்த டையைப் பார்த்தபடியே காரின் செயினை நீட்டினாள்.

"அன்னிக்கும் செயின்தானா?" என்று கேட்டாள்.

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. "இல்லம்மா, பேரிங். உங்கப்பாகிட்ட தலைதலையா அடிச்சுக்கிட்டேன், போய்யா, பொண்ணு மேடையில பேசுது போய்யான்னு. இதோ இதோன்னாரு, போகல. நீ கோவப்பட்டது நியாயம். ஆயிரத்துல ஒருத்தன் உங்கப்பன், ஆனா அந்த விஷயத்துல சரியான மடையன்."

அவரைப் பற்றி ஒருவர் உண்மையைப் பேசியது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. காரின் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை டிராக்டர்கள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒன்பதரைக்கு நிற்கப் போகிறவை.

"டையைக் கழட்டுங்க, மெஷின்ல மாட்டிக்கும். இன்னிக்கு அடக்கம் இல்ல" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"மழை வந்தா வெச்சுக்கலாம்."

ஒன்பது மணிச் செய்தியில் ஊர் ரேடியோ அறிவித்தது: ஆர்லோ பிரெக்கியின் அடக்கம் அடுத்த மழை நாளில், காலை பத்து மணிக்கு. கேட்டவர்கள் சிரித்தார்கள், சிரித்த கையோடு வண்டியை ஓரங்கட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும், "எனக்கு நேத்தே தெரியும். ஆனா நீயா சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

சரி, ஞாயிறு ராத்திரி மழை வந்ததா என்றால், வரவில்லை. வேண்டாதபோது மூன்று வாரம் கொட்டிய வானம், கூப்பிட்டதும் முறுக்கிக்கொண்டது. திங்கள், செவ்வாய், புதன், பொட்டு மேகம் இல்லை. சிகாகோவில் பல்வலிக்காரர்கள் எல்லாரும் தவணை சொல்லப்பட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உடலைக் கெடாமல் வைத்திருந்த சவ அடக்கக் கடைக்காரர் தினம் போன் செய்து, "அவசரமே இல்லம்மா, சும்மாதான் கேட்டேன்" என்றார்.

கடையில் போன் ஓயவில்லை. மெக்கானிக் ராய் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்ததால் காரின் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் நாள் மணிக்கொரு தரம் வெளியே வந்து வானத்தைத் திட்டினாள். அப்புறம் திட்ட நேரமில்லை. உடைந்ததைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தவர்கள், புதிதை வாங்கிக்கொண்டு போகிற அவசரத்திலும் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை. பன்றித் தொழுவத்தில் பேன்ட் கிழிந்து, இடுப்பில் தீவனச் சாக்கைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டி வந்தாராம். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாராம், மாட்டிக்கொண்டால் கண் தெரியவில்லை என்பாராம். வீட்டில் வாயைத் திறக்காத அந்த மனிதர் இங்கே இத்தனை பேசியிருக்கிறார் என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டை அம்மா கொண்டுவந்து வைப்பாள், போன் அடிக்கும், அது ஆறிப்போகும். வாரக் கடைசியில் அவள் வானத்தைப் பார்ப்பதையே மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தகரக் கூரை மேல் சடசடவென்று சத்தம். ராய் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். டெல்மர் நனைந்துகொண்டே உள்ளே வந்தார்.

"வந்துடுச்சும்மா! ரேடியோக்காரன்கிட்ட நானே சொல்லிட்டு வந்தேன். நாளைக்குப் பத்து மணி, சரிதானே?"

காரின் போனைப் பார்த்தாள். அது அடிக்கவில்லை.

"ஹென்ரிக்சன் வீட்டு மேற்கு வயல் இன்னும் பாக்கின்னாங்களே" என்றாள்.

"நேத்தே முடிச்சுட்டான்."

"ஆத்தோரத்துக்காரங்க?"

"காலையிலேயே ஆச்சு."

"வேற யாருக்காவது... ஒரு மூலை, ஒரு துண்டு... நல்லா விசாரிச்சீங்களா?"

அவள் கேட்பது வயலைப் பற்றி இல்லை என்று டெல்மருக்கு அப்போதுதான் புரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாருக்கும் இல்லம்மா" என்றார் மெதுவாக. "எல்லாருக்கும் முடிஞ்சுது."