லட்சம் கோடியில் ஒன்று

லாண்ட்மாஸ்ரர் உழவுயந்திரம் கல்லேற்றிய பெட்டியைக் கவிழ்த்தபோது சீவரத்தினம் பதுங்குகுழிக்குள், அந்தப் பங்கருக்குள்தான் நின்றான். முதல் கல் தோளில் பட்டு உருண்டது. அடுத்தது முழங்காலைப் பதம் பார்த்தது. அவன் நகரவில்லை.

"ஏறி வாடா வெளியிலை. கல்லோடை கல்லாய் மூடிப்போடுவன்" என்றான் வண்டிக்கார நடேசன்.

"மூடு. மூடிப்போட்டு மேலாலை தேரை இழு. பிள்ளையாருக்கும் என்ரை மண்டையோடு தட்டுப்படட்டும்."

புத்தூர்ப் பக்கத்தில் மண் ஒரு முழத்துக்குத்தான். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். சண்டைக்கு முன்னர் என்றால் துளை போட்டு வெடி வைத்துப் பிளக்கலாம். இப்போது வெடிமருந்து வைத்திருக்கிறவனைப் பிளந்துவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னர், முதல் பொம்பர் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போன கையோடு, கோயில் தர்மகர்த்தா சபையேதான் சீவரத்தினத்தைக் கூப்பிட்டு மேற்கு வீதியில் பங்கர் வெட்டச் சொன்னது. அலவாங்குக் கடப்பாரையாலும் சம்மட்டியாலும் கல்லைக் கொத்திக் கொத்தி, உள்ளங்கைத் தோல் உரிந்து, ஆளின் நெஞ்சளவுக்கு இறக்கினான். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டார்கள். குண்டுக்குப் பயந்த சூட்டில் எல்லாரும் ஒன்றாகத்தான் உள்ளே இறங்கினார்கள். குந்தியிருந்தபோது முழங்காலும் முழங்காலும் முட்டின. கல்லுடைக்கிறவனின் முழங்கால் தங்கள் பெண்களின் முழங்காலில் முட்டியது பலருக்கு வீட்டுக்குப் போனபிறகுதான் உறைத்தது. அதன்பின் அவர்கள் கோயில் மதிலுக்குள் இருந்த மண்டபத்துக்கு ஓடத் தொடங்கினார்கள். சீவரத்தினத்தின் ஆட்களுக்கு மதிலுக்கு வெளியேதான் கும்பிடு. பங்கர் அவர்களுக்கென்று ஆகிப்போனது. இப்போது திருவிழா வருகிறது. தேர் மேற்கு வீதியால் திரும்பவேண்டும், பங்கர்க் கிடங்கை மூடு என்கிறார்கள். பனங்குற்றிகளை முந்தநாளே கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

வேலி ஓரத்தில் அவன் மனைவி மீனாம்பிகை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு மாதம். அவளால் ஓட முடிந்த தூரம் வேலிக்கும் பங்கருக்கும் இடைப்பட்ட தூரம்தான்.

இராசநாயகம் மாஸ்ரர் குடையோடு வந்தார். கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். சபைக்குத் தலைவர்.

"சீவரத்தினம், ஏன் குழப்படி? பங்கர் இனித் தேவையில்லை. பின்னேரம் மண்டபத்திலை விஞ்ஞானரீதியாய் நிரூபிக்கப் போறன். மதிலுக்கு வெளியிலை நிண்டு கேள். கேட்டாப்பிறகு மூடுவம்."

"மண்டபம் உங்களுக்கு மாஸ்ரர். எங்களுக்கு?"

"இறைவன்ரை அருள் மதிலோடை நிக்கிறதில்லையடா."

"அப்ப நாங்களேன் மதிலோடை நிக்கிறம்?"

மாஸ்ரர் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு போனார்.

பின்னேரம் மதிலடியில் சீவரத்தினமும் கள்ளுக்கொட்டில் மார்க்கண்டுவும் இன்னும் கொஞ்சப்பேரும் கல்லின்மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். மண்டபத்தில் கரும்பலகை சாத்தியிருந்தது. மாஸ்ரரின் வெண்கட்டி நல்ல சத்தத்தோடு ஓடியது. சக்தியை ஆக்கவோ அழிக்கவோ ஏலாது என்று எழுதிக் கோடு இழுத்தார். நூறு வருடமாக இங்கே பாடிய தேவாரத்தின் சக்தி எங்கே போகும்? சுவரில்தான் தேங்கி நிற்கிறது, அதுதான் கவசம் என்றார். தலைகள் ஆடின. பிறகு குண்டுக்கு வந்தார்.

"ஒரு குண்டு விழேக்கை என்ன நடக்கும்? மண்டபத்திலை விழும். இல்லாட்டி விழாது. ரெண்டே வழி. அப்ப வாய்ப்பு பாதிக்குப் பாதி. இதுவரைக்கும் ஊருக்குள்ளை நாப்பது குண்டு. நாப்பதும் மண்டபத்திலை விழேல்லை. பாதியை நாப்பது தரம் பெருக்கிப் பாருங்கோ." எழுதினார். "லட்சம் கோடியிலை ஒண்டு. இது தற்செயலோ? கணக்கே சொல்லுது, இஞ்சை ஒருத்தர் இருக்கிறார்."

மண்டபம் அரோகரா என்றது. ஒரு கிழவர் அழுதார்.

பெண்கள் பக்கத்திலிருந்து மாஸ்ரரின் மகள் குணலட்சுமி எழும்பினாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்தில் கணிதம் படிக்கிறவள். வளாகம் திறக்கிற நாளைவிடப் பூட்டுகிற நாள் கூட, அதனால் வீட்டில் நின்றாள். கெட்டிக்காரி, தான் கெட்டிக்காரி என்பதும் தெரிந்தவள். மதிலுக்கு வெளியே நின்றவர்களோடு ஒருநாளும் ஒரு சொல் கதைத்ததில்லை.

"அப்பா, ரெண்டு வழி இருந்தால் பாதிக்குப் பாதியெண்டு ஆர் சொன்னது? மண்ணெண்ணெய்க் கப்பல் நாளைக்கு வரும், இல்லாட்டி வராது. அதுவும் ரெண்டு வழிதான். அப்ப ஒண்டைவிட்ட ஒருநாள் கப்பல் வந்திருக்கவேணும். எங்கை கப்பல்?"

சிரிப்பு எழும்பியது. மாஸ்ரரின் முகம் கறுத்தது.

"இரு பிள்ளை."

"ஊர் எவ்வளவு பெரிசு, மண்டபம் எவ்வளவு சின்னன்? கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் அநேகமாய் வெளியிலைதான் விழும். தேவாரத்தின்ரை சக்தி சுவரைத் துளி சூடாக்கும், அவ்வளவுதான். பத்துப்பேர் மணித்தியாலக் கணக்காய்ப் பாடினாலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொதிக்காது. கடவுள் இல்லையெண்டு நான் சொல்ல வரேல்லை. உந்தக் கணக்குக்குள்ளை அவர் இல்லை. மார்க்கண்டுவின்ரை கள்ளுக்கொட்டிலிலையும்தான் நாப்பது குண்டும் விழேல்லை. உங்கடை கணக்குப்படி மண்டபத்துக்கு உள்ள அதே பாதுகாப்பு அந்தக் கொட்டிலுக்கும் இருக்கு. அங்கையும் ஒருத்தர் இருக்கிறாரோ?"

"இருக்கிறன் பிள்ளை, நான்தான்!" என்று மதிலுக்கு மேலால் மார்க்கண்டு கத்தினான். "நாளைக்கே கொடிமரம் நடுறன்!"

வெளியே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளே மாஸ்ரர் மகளுக்குக் கிட்டப் போய்க் கன்னத்தில் அறைந்தார். வெண்கட்டி படிந்த ஐந்து விரலும் அவள் முகத்தில் வெள்ளையாக ஏறின. சிரிப்பு நின்ற இடத்தில் சீவரத்தினத்தின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"அப்ப மாஸ்ரர், பங்கரை மூடுறேல்லைத்தானே?"

மாஸ்ரர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். மறுமொழி நடேசனிடமிருந்து வந்தது. அவனும் நாலு பேரும் வாசலால் வெளியே ஓடிவந்தார்கள். மார்க்கண்டு பாய்ந்து வேலி தாண்டினான். சீவரத்தினத்துக்கு ஓடத் தெரியும், ஓடவில்லை. முதலில் வந்தவனின் மூக்கில் தலையால் இடித்தான். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவனை வீழ்த்தி மிதித்தார்கள். வயிற்றில், முதுகில், காதில். நடேசன் அவனது வலக்கையை மதிலடிக் கல்லில் விரித்துவைத்து இன்னொரு கல்லால் இரண்டு தரம் குத்தினான்.

"இனிக் கிண்டடா, பாப்பம்."

மீனாம்பிகை கையைக் கழுவிச் சீலைத்துண்டால் சுற்றினாள். இரண்டு விரல் வேறு பக்கம் பார்த்தன. அவன் பல்லைக் கடித்தபடி பங்கரைத் திரும்பக் கிண்டுவேன் என்றான்.

"கிண்டிக் கிழிச்சாய். எல்லாரும் இனிக் கொட்டிலுக்குப் போறதெண்டு கதை. நானும் அங்கைதான் ஓடப்போறன்."

"விசரே உனக்கு? அந்தப் பெட்டை பகிடிக்குச் சொன்னது."

"பகிடியெண்டால் தேப்பன் ஏன் அறைஞ்சவர்? மண்டபத்துக்கு உள்ள கணக்குத்தான் கொட்டிலுக்கும் எண்டு படிச்ச பிள்ளை சொல்லிப்போட்டுது. மண்டபத்துக்கு எங்களை விடமாட்டினம். கணக்கு எங்கை விடுதோ அங்கை போவம்."

அவள் நம்பினாளா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நெஞ்சளவு கிடங்கு இருந்தபோது ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. தலைக்கு மேலே இடி விழுகிறபோது ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். மண்டபத்துக்குள் இருந்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அவர்களுக்குக் கரும்பலகை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தநாள் விடிய பங்கரை மூடினார்கள். சீவரத்தினமே உடைத்துக் குவித்திருந்த கல்லால் மூடினார்கள். லாண்ட்மாஸ்ரர் போனபிறகு அவன் அலவாங்கை இடக்கையில் எடுத்துக்கொண்டு போனான். நெம்பினான், தள்ளினான், வலக்கை முழங்கையால் அணைத்து வெளியே போட்டான். சுற்றியிருந்த சீலை சிவந்து, பிறகு கறுத்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது ஓர் ஆள் சுருண்டு படுக்கிற அளவுக்குக் குழி திறந்திருந்தது.

அப்போதுதான் பொம்பர் வந்தது.

கோயில் மணி அடித்தது. வடக்குத் தெருவும் கிழக்குத் தெருவும் மண்டபத்துக்கு ஓடின. கல்லுடைக்கிற வீடுகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடின. மீனாம்பிகை வயிற்றைத் தாங்கிக்கொண்டு கடைசியாகப் போனாள். மண்டப வாசலில் நின்று இதைப் பார்த்த குணலட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தாயின் கையை உதறிவிட்டு வீதியில் குதித்தாள்.

"அங்கை போகாதேங்கோ! அது நிரூபணம் இல்லை! அப்பான்ரை கணக்குப் பிழையெண்டு காட்டத்தான் சொன்னனான்! அது ஓலைக் கொட்டில்!"

கொட்டில் வாசலில் நின்ற மார்க்கண்டு கையைக் காட்டினான். "வா பிள்ளை, நீயும் வா! உன்ரை கொட்டில்தானே!"

சீவரத்தினம் குழியிலிருந்து பாய்ந்து ஓடினான். கொட்டிலின் வாசற்படலையில் கால் வைத்த மனைவியின் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கையைக் கடித்தாள், உடைந்த கையை. அவன் கத்தினான், விடவில்லை. அவளை மண்ணில் அரைவாசி இழுத்தும் அரைவாசி தூக்கியும் கொண்டுவந்து குழிக்குள் தள்ளினான். அப்போது வானம் கிழிந்தது.

நிலம் ஒரு தரம் எழும்பி அமர்ந்தது. பிறகு கல் மழை. பிறகு வெள்ளைப் புழுதி. புழுதிக்குள்ளால் அறுந்த பனந்தலை வட்டு ஒன்று உருண்டு வந்து வீதியில் நின்றது. கொட்டில் இருந்த இடத்தில் குண்டு கிண்டிய கிடங்கு இருந்தது. வேலியில் தொங்கியதை எல்லாரும் முதலில் சீலையென்றுதான் நினைத்தார்கள்.

மண்டபத்தில் ஓர் ஓடுகூட அசையவில்லை. சனம் மெல்ல வெளியே வந்தது. மாஸ்ரர் வாசற்படியில் நின்று கிடங்கைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார். அவருக்கு வந்தது பயமா சந்தோசமா என்று அவருக்கே தெரியாது.

"கொட்டில் எங்கை? மண்டபம் எங்கை? இனியும் கணக்குக் கேட்பியளோ?"

குணலட்சுமியின் நெற்றி கிழிந்து இரத்தம் கண்ணுக்குள் வடிந்தது. நடேசன் அவள் முன்னால் வந்தான். "சொல்லடி. உன்ரை வாய்தானே அதுகளை அங்கை அனுப்பினது."

"ஓம்" என்றாள். கண்ணில் வடிந்த இரத்தத்தைத் துடைத்தாள். திரும்பச் சொன்னாள். "ஓம், நான் சொன்னதைக் கேட்டுத்தான் போனவை. ஆனால் அப்பான்ரை கணக்கு இப்பவும் பிழைதான். இது ஒண்டையும் நிரூபிக்கேல்லை."

ஒரு கல் அவள் தோளில் விழுந்தது. அடுத்தது விலாவில். ஆர் எறிந்ததென்று இல்லை, கூட்டம் எறிந்தது. மாஸ்ரர் "எறியாதேங்கோ" என்றார். அது அவருக்கே கேட்டிராது. சீவரத்தினம் அலவாங்கோடு கூட்டத்தை விலத்திக்கொண்டு வந்தான். எல்லாரும் வழி விட்டார்கள். அவன் அடிப்பான் என்றுதான் அவளும் நினைத்தாள். பின்வாங்கவில்லை.

"மார்க்கண்டு கொட்டில் போட முதல் என்னோடை கல்லுடைச்சவன்" என்றான் அவன். "அவன்ரை மனுசி, பிள்ளையள். எல்லாம் போச்சு. நீ கணக்குப் படிச்சனி. அடுத்த குண்டுக்கு நாங்கள் எங்கை ஓடுறது? சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். மண்டபத்தைப் பார்க்கவில்லை, கிடங்கைப் பார்க்கவில்லை.

"தெரியாது."

அதற்குள் தெற்கே இரைச்சல் திரும்பியது. பொம்பர் சரிந்து வெயிலில் ஒருதரம் மின்னியது. சனம் மண்டபத்துக்கு விழுந்தடித்தது. நடேசன் ஒரு கிழவியை மிதித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். மண்டபத்து வாசற்படலை சாத்தப்பட்டது. வீதியில், குழியருகே குணலட்சுமி தனியே நின்றாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், திரும்ப வைத்தாள்.

குழிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவளுடைய கணுக்காலைப் பிடித்து இழுத்தது.

"நிண்டு பாக்கிறியே மூதேசி! இறங்கடி!"

அவள் முழங்கால் உரிய மீனாம்பிகையின் மேல் விழுந்தாள். ஒருத்திக்கு வெட்டிய குழி. மீனாம்பிகை அவளுடைய தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அமத்தினாள், வேறு இடம் இருக்கவில்லை. வயிற்றுக்குள் இருந்தது உதைத்தது. மேலே சீவரத்தினம் இருபக்கமும் பார்த்தான். பிறகு அலவாங்கை எறிந்துவிட்டு, குழியின் வாய்க்குக் குறுக்கே குப்புறப் படுத்தான். வெளிச்சம் போனது. அவனுடைய நெஞ்சிலிருந்து வியர்வையும் கல்தூளும் அவள் பிடரியில் சொட்டின.