ஒகுமாவுக்கு ஒரு முழுப் பத்தி

சனுகி நாட்டு மழைக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. வாசல்வரை வந்து எட்டிப் பார்க்கும். உள்ளே வா என்று யாராவது சொல்வதற்குள் அடுத்த நாட்டுக்குப் போய்விடும். அதனால்தான் அங்கே மலையடிவாரமெல்லாம் ஏரிகள். அந்த ஏரித் தண்ணீரை ஒருவரையொருவர் மண்வெட்டியால் அடித்துக்கொள்ளாமல் பங்கு போட அந்த ஜனங்கள் கண்டுபிடித்த வழி, ஊதுபத்தி. வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு குடிசை. அதில் ஒருவர் உட்கார்ந்து கை நீளப் பத்தி ஒன்றைக் கொளுத்துவார். அது எரிந்து முடியும்வரை ஒரு வீட்டு வயலுக்குத் தண்ணீர். கடைசிச் சாம்பல் விழுந்ததும் முரசைத் தட்டுவார், அடுத்த வீட்டு மடை திறக்கும். பத்திக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரே நம்பியது. பத்தியைப் பிடித்திருக்கிற கைக்குத் தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அந்த ஊரில் ஒகுமா என்று ஒரு பெண். பதினெட்டு வயது. அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, கோழிக்குஞ்சு ஒன்று கல் உரலுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. ஒகுமா உரலை ஒரு கையால் தூக்கி, மறுகையால் குஞ்சை எடுத்தாள். உரலுக்குள் அரைப் படி அரிசி வேறு இருந்தது. அம்மா ஒசென் பார்த்துவிட்டு, முதல் காரியமாகக் கதவைச் சாத்தினாள். உரலைத் தூக்குகிறவளை எந்த வீட்டில் மருமகளாகக் கூப்பிடுவார்கள், இது வெளியே தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒகுமா தன் பலத்தை ஒளித்து வைத்தே வளர்ந்தாள். அப்பா இறந்த வருஷம், குளிர்காலத்தில் ஏரி தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும் என்றார்கள். அவள்தான் போனாள். பத்துக் கூடை மண்ணை ஒரே நடையில் கொண்டுபோயிருப்பாள். ஆனால் எல்லாரையும்போல ஒரு கூடையைச் சுமந்து, வராத மூச்சை வரவழைத்து, நடுநடுவே உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு பாடுபட்டு நடித்ததற்கு என்ன பலன் கிடைத்தது தெரியுமா?

அந்த வருஷம் மழை மாதத்தில் மழையே இல்லை. ஒகுமாவின் வயல் வாய்க்காலின் இடது கிளையில் இருந்தது. அந்தக் கிளையில் மொத்தம் மூன்றே வீடுகள், மூன்றிலும் ஆண்பிள்ளை கிடையாது. வலது கிளையில் ஊர்த்தலைவர் கன்பெய் முதல் மற்ற அத்தனை பேரும். தண்ணீர் திறக்கிற நாளில் ஒகுமா குடிசைக்குப் போனாள். பத்திக்காரர் தோகிச்சி அவள் வீட்டுப் பத்தியை எடுத்து, படக்கென்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைத் தன் சட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டார்.

ஏன் ஒடித்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, தூர்வாருவதில் பெண் செய்தது அரை ஆள் வேலை, அதற்கு அரைப் பத்தி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது என்றார். அதோடு விட்டாரா? புழுக்கமாக இருக்கிறது என்று விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். பத்திக்கும் புழுக்கமாக இருந்தது போலும், காற்று முழுக்க அதன் மேலேயே போயிற்று. அரைப் பத்தி கால் பத்தி நேரத்திலேயே சாம்பலானது. ஒகுமா ஓடிப்போய்ப் பார்த்தபோது வயலில் ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. வராமல் என்ன செய்யும்? அந்த ஊரில் நடவுக்கு ஒரு கெடு உண்டு. கோடையின் மிக நீண்ட பகல் கழிந்து பதினோராம் நாள் அது, ஹங்கேஷோ என்பார்கள். அதற்குள் நடாத வயலை ஊர் எடுத்து வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம். அவள் அப்பா கல் கல்லாகப் பொறுக்கிப் போட்டு உண்டாக்கிய வயல் அது. கெடுவுக்கு இன்னும் நான்கு நாள். நடுவில் ஒரே ஒரு முறைதான் தண்ணீர் திறப்பார்கள், அதுவும் நாளை மறுநாள். கன்பெய்யின் தம்பி தோராஜி அந்த வயலின் வரப்பில் நடந்து காலடியால் அளந்து பார்ப்பதை ஊரே பார்த்திருந்தது.

ஒகுமா தலைவர் வீட்டுக்குப் போனாள். கன்பெய் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் வயலில் தண்ணீர் நிற்கும்போது அடுத்தவன் தாகம் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவள் சொன்னதையெல்லாம் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆம்பள வேலை செய்யி, ஆம்பள பங்கு வாங்கிக்க. ஒரு கூடை தூக்கவே அன்னிக்கு அப்படி மூச்சு வாங்குன நீ, முழுப் பத்தி கேட்டு வந்து நிக்கிறியே புள்ள" என்றார். பக்கத்தில் இருந்த தோராஜி தேநீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து ஒகுமா அம்மாவிடம் சொன்னாள். கோபம் அவர்கள்மேல் பாதி, தன்மேல் பாதி. பதினொரு வருஷமாகப் பொய்யாக மூச்சுவாங்கியதற்கு இந்த ஊர் கொடுத்த கூலி இதுதானா என்று கேட்டாள். ஒசென் நாற்றங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்று முற்றி, நுனி மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தது.

"மாப்பிள்ளை வராட்டி போறான். தண்ணி வரட்டும். போ" என்றாள்.

தண்ணீர் திறக்கிற அன்று, ஆள் அரவமில்லாத விடியற்காலையில் ஒகுமா மலைச் சரிவுக்குப் போனாள். ஏரிக்கரை கட்டிய காலத்தில் முப்பது பேர் இழுத்து, முடியாமல் பாதி வழியில் விட்ட பாறாங்கல் ஒன்று அங்கே கிடந்தது. அவள் அதை ஒருமுறை சுற்றி வந்தாள். குனிந்து அடியில் கை கொடுத்தாள். கல் எழுந்தது. பதினொரு வருஷமாகக் குனிந்தே இருந்த முதுகு நிமிர்ந்ததில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லைத் தோளில் வைத்து, வழியில் ஒரு தவளைக்கு ஒதுங்கி நின்று, கொண்டுவந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் வலது கிளையின் வாயில் பொருத்தி வைத்தாள்.

காலையில் முரசு முழங்கியது. முதல் முறை தலைவர் வீட்டுக்கு. ஏரி மதகைத் திறந்தார்கள். தண்ணீர் இறங்கி வந்தது, கல்லில் மோதியது, திரும்பிப் பார்க்காமல் மொத்தமும் இடது பக்கம் போயிற்று.

தன் வயலுக்குள் தண்ணீர் நுழைந்த அந்த நொடியில் ஒகுமா வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். உள்ளே ஒசென், இறந்துபோன கணவரின் நினைவாக வைத்துக் கும்பிடுகிற பெயர்ப்பலகைக்கு முன்னால் ஒரு பத்தியைக் கொளுத்தினாள். கோயிலில் ஊர் முழுக்க வாங்குகிற அதே கை நீளப் பத்தி. ஒடிக்கவில்லை, விசிறவுமில்லை. அதன்முன் மண்டியிட்டு, கண் கொட்டாமல் உட்கார்ந்துகொண்டாள். வெளியே ஒகுமா பரம்புப் பலகையைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு, மாடு இல்லாமல் வயலைச் சேறாக்க ஆரம்பித்தாள்.

அங்கே பிரிவில் கூட்டம் கூடிவிட்டது. முதலில் ஆறு பேர் தள்ளினார்கள். பிறகு இருபது பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். கயிறு அறுந்தது, இருபது பேரும் வாய்க்காலில் விழுந்தார்கள். தலைவரின் எருதைக் கொண்டுவந்து பூட்டினார்கள். அது ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, இது எனக்கு ஆகாது என்று படுத்துக்கொண்டது. நேற்று சரிவில் கிடந்த கல் இன்றைக்கு இங்கே எப்படி வந்தது என்று யாரோ கேட்டார்கள். மலையில் வாழும் நீண்ட மூக்குப் பூதம்தான் தூக்கிவந்திருக்கும், மலைச்சாமிக்கு ஏதோ குறை என்று கன்பெய் முடிவு கட்டினார். அவசர அவசரமாக வைக்கோல் திரித்து, வெள்ளைக் காகிதம் தொங்கவிட்டு, கல்லைச் சுற்றிச் சாமிக்கயிறு கட்டினார்கள். உப்பு வைத்தார்கள், அரிசிக் கள் ஊற்றினார்கள், கைதட்டிக் கும்பிட்டார்கள். கல் அசையவில்லை.

அப்போதுதான் தோகிச்சிக்குப் புத்தி வந்தது. கூட்டத்திலேயே நின்றிருந்த கல்தச்சரைப் பிடித்து, உளி வைத்து உடையுங்கள் என்றார். கல்தச்சர் கயிற்றைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"சாமின்னு கயிறு கட்டுனது நீங்க. இப்ப அது மண்டையில உளி வைக்க மட்டும் நானா? என் கை விளங்காமப் போனா உன் வீட்டுல வந்து உக்காந்து சாப்பிடவா?" என்று கேட்டுவிட்டு, உளியைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

இழுக்கவும் முடியாது, உடைக்கவும் கூடாது. தங்கள் கையாலேயே கட்டிக்கொண்ட கட்டு அது. தண்ணீர் போகிறதைப் பார்த்தபடி அத்தனை பேரும் நின்றார்கள்.

ஒசென் வீட்டுக்குள்ளிருந்து ஒகுமாவைக் கூப்பிட்டாள். பத்தி முடிந்துவிட்டது. ஒகுமா பரம்பை அவிழ்த்துப் போட்டு, சேற்றுக் காலோடு, சாம்பல் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பிரிவுக்கு வந்தாள்.

"எங்க வீட்டு முழுப் பத்தி எரிஞ்சு முடிஞ்சிருச்சு. கல்லை எடுக்க வந்திருக்கேன்" என்றாள்.

தோகிச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இருபது பேரு இழுத்து வரல. நீ எடுக்கப் போறியாக்கும்?"

"நான்தான வச்சேன்."

சாம்பல் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்தாள். கல்லுக்கு முன்னால் குனிந்து வணங்கி, இரண்டு முறை கைதட்டி, "மன்னிச்சுக்கங்க, காலையிலதான் தொந்தரவு பண்ணினேன்" என்றாள். பிறகு தூக்கினாள். கயிறு, காகிதம், உப்பு எல்லாவற்றோடும் கல் மேலே வந்தது. தண்ணீர் சளசளவென்று வலது பக்கம் பாய்ந்தது. கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது. எருது மட்டும் எழுந்து நின்றது.

ஒகுமா கல்லைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிள்ளையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு மூச்சு வாங்குனது பொய். நீங்க சிரிப்பீங்கன்னு பயந்து நடிச்சேன். இனி நடிக்க மாட்டேன். ஆனா, முடியும்னு வேணுங்கிற மட்டும் எடுத்துக்கவும் இல்ல. ஒரு பத்திதான் எடுத்தேன். இனிமே இந்தப் பக்கத்து மூணு வீட்டுக்கும் முழுப் பத்தி. பத்தியச் சுத்தி நாலு பக்கமும் பலகை அடிக்கணும்."

மற்ற இரண்டு வீட்டுக்காரிகளும் தூர்வாரினவர்கள்தான், அவர்களுக்கு வாங்கிய மூச்சு நிஜமான மூச்சு என்றும் சேர்த்துச் சொன்னாள். அந்த இரண்டு பெண்களும் கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னே வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள்.

கன்பெய் தொண்டையைக் கனைத்தார். எதற்கும் ஒரு முறை இருக்கிறது, ஊர்க்கூட்டம் போட்டு, பத்துப் பேரைக் கலந்து, என்று இழுத்தார்.

"அதுவும் சரிதான். கூட்டம் முடியிற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்" என்று ஒகுமா கல்லை மறுபடியும் இறக்கினாள். கல்லின் அடி தண்ணீரைத் தொட்டது. வாய்க்கால் வலமும் இடமுமாகத் தடுமாறியது.

"வேணாம்மா, வேணாம். கூட்டம் முடிஞ்சிருச்சு" என்றார் கன்பெய். சுற்றி நின்றவர்கள் முடிந்துவிட்டது, முடிந்துவிட்டது என்று தலையாட்டினார்கள். தோகிச்சி யாரும் கேட்காமலே சட்டைக் கைக்குள்ளிருந்து அரைப் பத்தியை எடுத்து நீட்டினார்.

ஒகுமா கல்லைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்தாள். அவள் பின்னால் ஊர்ப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். அன்று பகலிலேயே இடது கிளையின் மற்ற இரண்டு வீட்டுக்கும் முழுப் பத்தி எரிந்தது. பலகை அடித்துக் கொடுத்தது கல்தச்சரின் அண்ணன். ஒகுமா, ஒசென், அந்த இரண்டு பெண்கள், நான்கு பேருமாக மூன்று வயலிலும் மாறி மாறி நட்டார்கள். பாட்டும் கேலியும் மலைவரை கேட்டது.

ஹங்கேஷோ அன்று காலை, தோராஜி அளவுக்கயிறும் முளைக்குச்சியுமாக வந்து சேர்ந்தார். அண்ணன் கன்பெய் சொன்ன சேதி அவர் காதில் ஏறவில்லையோ, ஏறியும் நம்பவில்லையோ. வயலில் வரிசை வரிசையாகப் பச்சை நின்றது. ஒகுமா கடைசி மூலையில் கடைசி நாற்றை ஊன்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இது என் வயலு. அந்தப் பக்கம் போகணும்னா வரப்பு மேல பாத்துப் போங்க. நாத்து மிதிபடக் கூடாது" என்றாள்.

தோராஜி கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு நாற்றும் மிதிபடாமல் பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து நடந்தார். வரப்பு முடியும்வரை ஒகுமா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.