வீடு கேட்கும் முகம்

புது வீட்டுக்காரம்மாவுக்கு எங்களைப் பிடித்துவிட்டது. நாய் இருக்கிறது என்றதும், அதன் படம் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். நாயைக் காரணம் சொல்லி ஏற்கெனவே ஆறு பேர் கைவிரித்துவிட்டார்கள்.

எங்கள் நாய்க்கு வஸ்தாது என்று பெயர். கீழ்ப்பற்கள் இரண்டு எப்போதும் உதட்டுக்கு வெளியே நிற்கும். அதைப் பார்த்து, பயில்வான் மாதிரி இருக்கிறான் என்று என் மனைவி வைத்த பெயர். உண்மையில் குக்கர் விசில் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அதை எப்படிப் படம் எடுப்பது?

கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் என் மச்சினன் பெரிய கேமராவோடு வந்தான். விளக்கெல்லாம் வைத்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கூப்பிட்டதும் வஸ்தாது காதை விறைத்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். நாற்பது படங்கள். நாற்பதும் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டத் தோதாக இருந்தன.

"மாமா, இது வாடகைக்குப் போற மூஞ்சி இல்ல. வசூலுக்குப் போற மூஞ்சி," என்றான் மச்சினன்.

"உன் மூஞ்சிக்கே பொண்ணு கெடைச்சுது. இவனுக்கு ஒரு வீடு கெடைக்காதா?" என்றாள் அவன் அக்கா.

அவன் போனபின் நான் சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. அதற்காக வீட்டில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். போனின் சத்தத்தை அணைத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். நாயைக் கூப்பிடவில்லை. யாராவது கூப்பிட்டால் நானும் ஒரு முகத்தை மாட்டிக்கொண்டுதானே போகிறேன்.

முக்கால் மணி நேரம் போனது. பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக இறங்கி, நேராக வஸ்தாதின் தட்டில் வாய் வைத்தது. வஸ்தாது எழுந்து வந்தான். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். காதுகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பூனை தின்று முடிக்கட்டும் என்று வரிசையில் நிற்பவனைப் போலக் காத்திருந்தான். வெளியே நின்ற அந்த இரண்டு பற்கள்கூட அசட்டுச் சிரிப்பாகத் தெரிந்தன. எடுத்துவிட்டேன்.

மனைவி பார்த்துச் சிரித்து, உடனே தன் போனிலிருந்து அனுப்பினாள். பதிலுக்காக இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை. போன் அடித்தது. வஸ்தாது கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

"நாய் தாராளமா வரட்டும்மா," என்றார் வீட்டுக்காரம்மா. "அந்தப் பூனைய மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க."