அழகர்சாமி வீட்டு மட்டையடி

பங்குனி உற்சவத்தில் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் தன் இன்னொரு தேவியான உறையூர் நாச்சியாரைப் பார்க்கப் புறப்பட்ட அன்றைக்கு அழகர்சாமியும் கூட்டத்தோடு உறையூர் போனான். பெருமாள் போவது ஊருக்கே தெரியும். இவன் போனது பெண்டாட்டி வீராயிக்குத் தெரியாது. போனவன் சாமி பார்த்துவிட்டு, அங்கே கட்டிக்கொடுத்திருக்கும் தன் அக்கா வீட்டில் சாப்பிட்டான். அதோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை. ஸ்ரீரங்கம் திரும்பி, அவனுக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த வீராயியிடம் அக்கா வைத்த வத்தக்குழம்பின் ருசியை விவரித்தான்.

அதிலிருந்து வீராயி அவனோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மகள் பாப்பாயியிடம் சொல்லியனுப்பினாள். சோறு ஆறுகிறது என்று உங்கப்பனிடம் சொல் என்பாள். அப்பன் கையெட்டும் தூரத்தில்தான் இருப்பான். ஏழு வயதுப் பாப்பாயி அந்தத் தூரத்தை நடந்து போய்ச் சொல்லிவிட்டு, பதில் வாங்கிக்கொண்டு திரும்புவாள். முதலில் அவளுக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு மூலையில் உட்கார்ந்து நகம் கடிக்க ஆரம்பித்தாள். சின்னவன் தங்கையன் எதற்கென்று தெரியாமலே அழுதான்.

உத்திரத்தன்று விடிந்ததும் பாப்பாயி கொண்டுவந்த சேதி வேறு மாதிரி இருந்தது. நாளைக்குக் கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் மண்ணச்சநல்லூர் அம்மாயி வீட்டுக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தெரியாது. சொல்லி முடித்தவள், "நீயும் வாயேன்ப்பா" என்று அவளாக ஒன்று சேர்த்துக்கொண்டாள்.

அன்று மண்டியில் வாழைத்தார் இறக்கும்போதெல்லாம் அழகர்சாமிக்கு அதே நினைப்பு. தாரை இறக்கினால் தோள் லேசாகும். இது இறங்கவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல் ஒரு கட்டு வாழைமட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். வீராயி அதில் நார் கிழித்துப் பூக்காரர்களுக்குக் கொடுப்பாள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவைப் பார்த்ததும் அவனுக்குக் கோயில் ஞாபகம் வந்தது. இன்றைக்குத்தான் அங்கே மட்டையடி. உறையூர் போய்வந்த பெருமாளை உள்ளே விடாமல் தாயார் கதவைச் சாத்திக்கொள்வதையும், அவர்மேல் மட்டையும் பூவும் வெண்ணெயும் விழுவதையும் வீராயியும் பிள்ளைகளும் எந்த வருஷமும் தவறவிட்டதில்லை.

கதவைத் தட்டப் போனவன் தட்டவில்லை. கட்டை இறக்கி வைத்தான். துண்டைத் தலையில் கிரீடமாகச் சுற்றினான். பல்லக்கில் வருகிறவன்போல ஆடி ஆடி முன்னே வந்தான், அப்படியே பின்னே போனான்.

"உறையூர் போன பெருமாள் வந்திருக்கார். தாயார் கதவத் தொறக்கணும்."

ஜன்னலில் பாப்பாயியின் ஒரு கண் தெரிந்தது, மறைந்தது. உள்ளே கிசுகிசுப்பு. கொஞ்சம் கழித்து அவள் வெளியே வந்து, பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு, கோயிலில் தாயாருக்காகப் பெருமாளைக் கேள்வி கேட்பவர்களின் குரலிலேயே விசாரணையைத் தொடங்கினாள்.

"தலையெல்லாம் ஏன் கலைஞ்சிருக்குன்னு தாயார் கேக்குறாங்க."

"தார் தூக்குனேன் தாயே."

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"தூங்கல தாயே. தாயார் பேச்சுச் சத்தம் கேக்காமத் தூங்கிப் பழக்கமில்ல."

அடுத்த கேள்வி பாப்பாயிக்கு மறந்துவிட்டது. உள்ளே போனாள். வர நேரமாயிற்று.

"குழம்புல உப்பு தூக்கலா இருந்துச்சான்னு கேக்குறாங்க."

இது கோயிலில் இல்லாத கேள்வி. அழகர்சாமிக்கு அது யார் கேட்டது என்று விளங்கியது. ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். பாப்பாயி விடவில்லை. பெருமாளே சத்தியம் செய்துதான் உள்ளே போனார், அப்பாவும் செய்ய வேண்டும் என்றாள்.

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றான் அழகர்சாமி. "சொல்லாம போனது தப்பு. பசியோட உக்காந்திருந்தவகிட்ட அதப் பேசுனது அதவிடத் தப்பு."

அந்த நேரம் பார்த்துக் கதவிடுக்கு வழியாகத் தங்கையன் வந்தான். வீட்டில் வெண்ணெய் கிடையாது. அதனால் ராத்திரிக்கு வைத்திருந்த கேழ்வரகுக் கூழில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்திருந்தான். வீசினான். குறி தப்பவில்லை.

கூழ் போகிறதே என்று வீராயி ஓடிவந்தாள். வந்தவள், மீசையிலிருந்து கூழ் சொட்ட, கிரீடம் கலையாமல் நிற்கும் புருஷனைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே கட்டிலிருந்து ஒரு மட்டையை உருவி அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

"சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல. உறையூர்ல சாமியப் பாக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

அவனுக்கு இது தோன்றியே இருக்கவில்லை. அடுத்த வருஷம் நாலு பேருமாகப் போகலாம் என்றான்.

அதற்குள் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழும் விழுந்தது. இப்போது அம்மாவும் பெருமாள்தான், இரண்டு பேரும் சத்தியம் செய்தால்தான் திறப்போம் என்று உள்ளேயிருந்து பாப்பாயி அறிவித்தாள். தங்கையன் மறுபடி பானையை நோக்கி ஓடும் காலடி கேட்டது.

அழகர்சாமி முகத்தைத் துடைத்தபடி மெதுவாகக் கேட்டான்.

"காலையில பஸ்ஸு?"

"அதுங்க கதவத் தொறந்தாத்தானே மூட்டைய எடுக்க முடியும்" என்றாள் வீராயி, அவனைப் பார்த்தே.